கணினியே போட்டுவிடும் என்றால் நீ எதற்கு?

மன்னார்குடியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். எம்.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு. பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடுகளைக் கணினி வைத்துத் தீர்க்கிற துறையில் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. உரக்கடை வைத்திருக்கும் அப்பா மறுக்கவில்லை, ஒரு கேள்விதான் கேட்டாராம்: "கணக்கைக் கணினியே போட்டுடும்னு நீயே சொல்றே. அப்புறம் நீ எதுக்கும்மா? ஆயுசு பூரா அதுல உக்காந்து என்ன பண்ணுவே?" இதற்கு என்ன பதில் சொல்வது என்கிறார்.

உங்கள் அப்பா கேட்டது நல்ல கேள்வி. என் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வில் ஒன்றரை மணி நேரம் கேட்டார்களே, அதில் இவ்வளவு நேரான கேள்வி ஒன்றுகூட இல்லை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்துவிட்டு இப்போது கும்பகோணத்தில் ஓய்வாக இருக்கிறேன், அதனால் பதில் நீளும். அப்பாவுக்கு ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால்: கணினி போட ஆரம்பிக்கும், முடிக்காது. முடிக்க வைப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கில் தொடங்குகிறேன், கடையில் பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டலாம். ஒரு செவ்வக வயல். பரப்பு 12, மூலைக்கு மூலை 5, அளவுகோல் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நீளம் ந, அகலம் அ. அப்படியானால் ந² + அ² = 25, ந × அ = 12. பள்ளிக்கூடத்தில் இரண்டாவதிலிருந்து ந-வை எடுத்து முதலாவதில் போடச் சொல்லித் தருவார்கள். மாறி இரண்டு இருக்கும்போது அது சரி, இருபது இருந்தால் கை ஓய்ந்துவிடும். எங்கள் வழி வேறு. முதல் சமன்பாட்டை அ-வால் பெருக்குங்கள், இரண்டாவதை ந-வால் பெருக்குங்கள். இரண்டிலும் ந²அ என்ற ஒரே தலை உறுப்பு வந்து நிற்கும். கழித்தால் தலை போய்விடும்: அ³ + 12ந = 25அ. இது புதுச் சமன்பாடு. இதை அ-வால் பெருக்கி, பழைய ந × அ = 12-ஐ 12-ஆல் பெருக்கி, மறுபடி கழியுங்கள். அ⁴ − 25அ² + 144 = 0. பாருங்கள், ந முழுக்கக் காணாமல் போய்விட்டது. அ² என்பது 9 அல்லது 16, அகலம் 3 அல்லது 4. (−3, −4 என்றும் இரண்டு விடை வரும். வயலுக்கு மைனஸ் அகலம் கிடையாது என்று இயந்திரத்துக்குத் தெரியாது, அதைச் சொல்லித் தருவதற்கென்றே தனியாக ஒரு கிளைத்துறை இருக்கிறது, அதற்குள் இப்போது போக வேண்டாம்.)

இரண்டு தலையைச் சமமாக்கு, கழி, மீதி ஏதாவது புதிதாக வந்தால் பட்டியலில் சேர், புதிதாக ஒன்றும் வராத வரைக்கும் இதையே செய். இவ்வளவுதான் முறை. இதைக் கண்டுபிடித்தவர் புருனோ புக்பெர்கர், ஆஸ்திரியாக்காரர், 1942-ல் பிறந்தவர். இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்காங் க்ரோப்னர் என்ற பேராசிரியரிடம் 1965-ல் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இது இருக்கிறது, அப்போது வயது 23. அந்தக் காலத்துச் சூஸே கணினி ஒன்றில் இதை நிரலாகவும் எழுதி ஓட்டிப் பார்த்தார். மனுஷர் செய்த பெரிய காரியம் கழித்தது இல்லை, கழிக்க யாருக்கும் தெரியும். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் எந்த இடத்தில் நிறுத்தலாம், நிச்சயம் நிற்குமா, நின்ற பிறகு கையில் இருப்பது முழுமையானதா, இந்த மூன்றுக்கும் நிரூபணத்தோடு பதில் சொன்னதுதான் காரியம்.

அவருடைய வாழ்க்கையை நான் ஏன் இழுக்கிறேன் என்றால், "ஆயுசு பூரா என்ன பண்ணுவே" என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆய்வேடு 1965. ஜெர்மன் மொழியில் கட்டுரையாக வந்தது 1970-ல். வந்தும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை, கிட்டத்தட்ட பத்து வருஷம் அது பாட்டுக்குத் தூங்கிக் கிடந்தது. கழித்து முடித்த பிறகு கையில் நிற்கும் அந்தப் பட்டியலுக்கு 1976-ல் அவரே தன் ஆசிரியர் பெயரை வைத்தார், அதனால்தான் இன்றைக்கும் அதைக் க்ரோப்னர் பேசிஸ் என்கிறோம். சொந்தக் கண்டுபிடிப்புக்கு வாத்தியார் பெயரை வைக்கிற ஆளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? கணினிகள் கொஞ்சம் பெரிதான பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1985-ல் இந்தத் துறைக்கென்று ஒரு ஆய்விதழை ஆரம்பித்தார், 1987-ல் லின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையம். இரண்டு வருஷத்தில் அதைப் பக்கத்தில் ஹாகன்பெர்க் என்ற ஊரில் இருந்த ஒரு பழைய கோட்டைக்குக் கொண்டுபோனார். நம் திருவையாற்றைவிடச் சின்ன ஊர் அது. அங்கே இப்போது ஒரு மென்பொருள் பூங்காவே வளர்ந்திருக்கிறது. 2007-ல், கண்டுபிடித்து 42 வருஷம் கழித்து, கணினித் துறையின் பெரிய பரிசுகளில் ஒன்றான கானெல்லாகிஸ் பரிசைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு யோசனை, அதைச் சுற்றி ஒரு முழு வாழ்க்கை.

சரி, முறை கிடைத்துவிட்டது, நிற்கும் என்றும் நிரூபித்தாகிவிட்டது, இன்னும் எதற்கு ஆள்? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பத்து மாறி, பத்துச் சமன்பாடு, எல்லாமே இருபடி என்று வையுங்கள். விடைகள் பொதுவாக 2-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது, 1024. அவற்றைப் பிடிக்க வழியில் எவ்வளவு பெரிய உறுப்புகள் வரைக்கும் ஏறி இறங்க வேண்டும்? சாதாரணமாக 11-ஆம் படி வரைக்கும். இந்த 11-க்குப் பின்னால் இருக்கும் கணக்கு மெக்காலே என்ற ஆங்கிலேயருடையது, அவர் லண்டனில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பிற்பாடு ஹார்டியோடு உட்கார்ந்து நம் ராமானுஜனின் கடிதத்தைப் படித்துப் பார்த்தாரே லிட்டில்வுட், அவருக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்த மெக்காலேதான். பத்து மாறிகளில் 11-ஆம் படி வரை எத்தனை வகை உறுப்பு உண்டு என்று எண்ணினால் 3,52,716. அத்தனை நெடுக்கு வரிசைகள் உள்ள ஒரு அணி (மேட்ரிக்ஸ்). பெரிதுதான், ஆனால் இன்றைய மடிக்கணினி மூச்சு வாங்கினாலும் சமாளித்துவிடும். இப்போது மாறிகளை 20 ஆக்குங்கள், படி 21 ஆகும், உறுப்புகள் சுமார் 26,900 கோடி. மாறி இரட்டிப்புதான் ஆனது. லட்சத்தில் இருந்தது ஆயிரக்கணக்கான கோடியில் போய் நிற்கிறது. இது நல்லபடியாக நடந்துகொள்ளும் சமன்பாடுகளுக்கு. மோசமானவையும் உண்டு, அடுக்குக்கு மேல் அடுக்காக ஏறுகிற அளவுக்கு மோசமாகும் என்று மாயர், மெயர் என்ற இருவர் 1982-லேயே காட்டிவிட்டார்கள். ஆகவே "நிற்கும்" என்பது நிஜம், பிரபஞ்சம் முடிந்த பிறகு நிற்கும் என்பதும் நிஜம்.

என் கதை ஒன்று. 2004 மகாமகம், மார்ச் மாதம். நான் அப்போது வேலை பார்த்த கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள், ஊர் முழுக்கக் கூட்டம், தெருவில் கால் வைக்க இடமில்லை. கணினி ஆய்வகத்தில் இருபது இயந்திரம் சும்மா இருக்கிறதே என்று சாவியை வாங்கிக்கொண்டு போய் என் சமன்பாடுகளை ஏற்றி ஓட விட்டேன். ஒன்பது மாறி, சுழற்சியாகச் சமச்சீர் உள்ள ஒரு தொகுப்பு. மூன்று நாள் ஓடியது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒவ்வொரு இயந்திரமாக நினைவகம் நிரம்பிப் படுத்துவிட்டது, ஒன்று மட்டும் தம் கட்டி ஓடிக்கொண்டிருந்தது, அதையும் கரண்ட் போய் அணைத்துவிட்டது. வெளியே எல்லாரும் குளத்தில் பாவத்தைக் கரைத்துக்கொண்டிருக்க, நான் உள்ளே மூன்று நாள் உழைப்பைக் கரைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தவறு இயந்திரத்தில் இல்லை, நான் வைத்த வரிசையில் இருந்தது. எந்த உறுப்பைத் தலை என்று எடுப்பது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அதில் ஒரு வகை, முதல் மாறி ஒரு துளி இருந்தாலும் போதும், மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரியது என்பது. தலைமடைக்காரர் வயல் நிரம்பி வழிகிற வரைக்கும் கடைமடைக்கு ஒரு சொட்டு விடமாட்டேன் என்கிற மாதிரி. விடையைக் கடைசியில் சுலபமாகப் படிக்கலாம், நாம் வயல் கணக்கில் ந-வை ஒழித்தது அந்த வகைதான், ஆனால் வழியில் எண்களும் படிகளும் கண்டபடி ஊதிவிடும். இன்னொரு வகை, மொத்தப் படியைப் பார்த்து எல்லா மாறிகளுக்கும் முறை வைத்துப் பகிர்வது. இதில் விடை நேராகத் தெரியாது, ஆனால் கணக்கு அடக்கமாக ஓடும். அடக்கமான வரிசையில் முதலில் கணக்கை முடித்துக்கொண்டு, பிறகு அந்த விடையை மட்டும் மற்ற வரிசைக்கு மாற்றலாம் என்று நான்கு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை 1993-லேயே வந்துவிட்டது. எனக்கு அது தெரியும், இருந்தும் சோம்பேறித்தனமாக நேராகவே போட்டேன். அதன் பிறகு சமச்சீரையும் பயன்படுத்தி, வரிசையையும் மாற்றிப் போட்டபோது அதே கணக்கு ஒரே இயந்திரத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. இருபது இயந்திரமும் மூன்று நாளும் செய்யாததை, இரண்டு வாரம் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தது செய்தது. "நீ எதுக்கு" என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் இருக்கும் நேரடிச் சாட்சி இது.

இதைவிட நல்ல சாட்சி இந்த ஊரிலேயே இருக்கிறது. கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு ராமானுஜன் பேச்சை எடுக்காமல் இருக்க முடியாது, எல்லாரும் டாக்சி எண் 1729-ஐச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், நான் வேறு ஒன்று சொல்கிறேன். டவுன் ஹைஸ்கூல் பையனாக இருந்தபோது, 1902 வாக்கில், முப்படிச் சமன்பாட்டைத் தீர்ப்பது எப்படி என்று தெரிந்துகொண்டார், நாற்படிக்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்தார், அடுத்து ஐந்தாம் படிக்குப் போனார். அங்கே பொதுவான சூத்திரமே கிடையாது என்று ஏபெல் என்ற கணித மேதை 1824-ல் காட்டிவிட்டது அவர் வீடு இருந்த சாரங்கபாணி சன்னிதித் தெருவுக்கு எட்டியிருக்கவில்லை. மோதிப் பார்த்து விட்டுவிட்டார். பத்து வருஷம் கழித்து, 1912-ல், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் எழுதிய மூன்று பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த வருஷம் அது. பொருள், ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டிய சமன்பாடுகளின் ஒரு தொகுப்பு. உதாரணத்தில் பத்து மாறி, பத்துச் சமன்பாடு.

அதை அப்பாவுக்குப் புரியும்படி நான் மாற்றிச் சொல்கிறேன் (ராமானுஜன் இப்படிச் சொல்லவில்லை, வட்டிக் கணக்கு என் கற்பனை). ஒருவர் ஐந்து இடத்தில் கடன் வாங்கியிருக்கிறார், ஐந்தும் வெவ்வேறு கூட்டு வட்டி, நடுவில் ஒரு பைசா திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கடனும் எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஒன்றும் தெரியாது. கடன் வாங்கிய அன்றும், அடுத்த ஒன்பது வருஷத்தில் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் மொத்தப் பாக்கி எவ்வளவு என்று பத்து எண்கள் மட்டும் கையில் இருக்கின்றன. ஐந்து அசல், ஐந்து வட்டி, பத்தையும் கண்டுபிடி. சமன்பாடுகளின் படி 1, 2, 3 என்று 10 வரை ஏறும். படிகளைப் பெருக்கிப் பார்த்தால் 36,28,800 விடைகள் வரை வரலாம் என்று பொதுத் தேற்றம் பயமுறுத்தும். கண்ணை மூடிக்கொண்டு இயந்திரத்தில் போட்டால் அதுவும் அந்தப் பயத்தோடுதான் வேலை செய்யும்.

ஆனால் உண்மையான விடை ஒன்றே ஒன்று. கடன்களை எந்த வரிசையில் எழுதினாலும் ஒன்றுதானே, அந்த வரிசை மாற்றங்கள் 120, அவ்வளவுதான். இந்தத் தொகுப்புக்குள் ஒரு எலும்புக்கூடு ஒளிந்திருக்கிறது: எந்த வருஷத்து மொத்தமும் அதற்கு முந்தைய ஐந்து வருஷ மொத்தங்களை ஐந்து நிலையான எண்களால் பெருக்கிக் கூட்டினால் வந்துவிடும். அந்த ஐந்து எண்களைக் கண்டுபிடிக்க வெறும் ஐந்து நேரியல் சமன்பாடுகள் போதும், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. அவற்றை வைத்து ஒரே ஒரு ஐந்தாம் படிச் சமன்பாடு கிடைக்கும், அதன் மூலங்கள் ஒவ்வொன்றிலும் 1-ஐக் கழித்தால் வட்டிகள். வட்டி தெரிந்துவிட்டால் அசலுக்கு மறுபடி ஐந்து நேரியல் சமன்பாடுகள். ராமானுஜன் இதைப் பகுதிப் பின்னங்களாக மாற்றிச் செய்தார், உள்ளே இருப்பது இதே விஷயம்தான். அவருடைய உதாரணத்தில் அந்த ஐந்தாம் படி அழகாக உடைந்து வருகிறது, சின்ன வயதில் மோதி நின்ற சுவருக்குப் பக்கத்திலேயே ஒரு கதவு. பிரான்ஸில் ப்ரோனி 1795-லும் இங்கிலாந்தில் சில்வெஸ்டர் 1851-லும் இதே வழியாக நடந்திருக்கிறார்கள். இவர் தானாகவே வந்து சேர்ந்தார்.

இப்போது கடைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பாருங்கள், க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கும். யூரியா தூசி படிந்து, ஒரு ஓரம் கிழிந்து, வெயிலில் வெளுத்து, இருந்தும் போனைக் காட்டினால் பணம் வந்துவிடுகிறதே, எப்படி? அந்தக் கட்டங்களில் தகவலோடு சேர்த்துக் கூடுதலாகச் சரிபார்ப்பு எண்களும் எழுதி வைத்திருக்கிறார்கள், அட்டையின் வகையைப் பொறுத்து சுமார் 7 முதல் 30 சதவீதம் வரை பழுதானாலும் மீட்டுவிடலாம். மீட்கிற வேலையில், எந்த இடம் பழுது என்பது தெரியாது, எவ்வளவு பழுது என்பதும் தெரியாது. "எந்த இடம்" என்பதை வட்டி என்றும் "எவ்வளவு" என்பதை அசல் என்றும் படித்துப் பாருங்கள், அப்படியே அந்தக் கடன் கணக்கு. எண்கள் மட்டும் வேறு, 256 எண்கள் மட்டுமே உள்ள ஒரு எண் உலகத்தில் நடக்கிறது. ரீட், சாலமன் இருவரும் இந்தக் குறியீட்டை 1960-ல் கொடுத்தார்கள், வேகமாகத் தீர்க்கும் வழியை அந்தப் பத்தாண்டின் கடைசியில் பெர்லிகாம்பும் மாஸியும் கொடுத்தார்கள். அவர்கள் ராமானுஜனைப் பார்த்துச் செய்தார்கள் என்று தயவுசெய்து யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், அது பொய். சமன்பாடு ஒன்றுதான், அது மட்டும் நிஜம். உங்கள் அப்பா ஒரு நாளைக்கு நூறு தடவை பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடு தீர்த்து வாங்குகிறார், அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

ஆக, இந்த வாழ்க்கையில் நாள் முழுக்கச் செய்வது என்னவென்றால், ஒரு தொகுப்பு கையில் வந்தால் அதற்குள் எலும்புக்கூடு இருக்கிறதா என்று தேடுவது. இருந்தால் அதைப் பயன்படுத்தும் முறையை எழுதி, சரி என்று நிரூபித்து, நிரலாக்கி, பொதுவில் விடுவது. சில சமயம் தேடல் எதிர்ப்பக்கம் போகும்: எலும்புக்கூடே இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்வார், இருக்கிறது என்று நாம் காட்ட வேண்டும். ரகசியக் குறியீட்டியலில் இதுதான் நடக்கிறது. பாரிஸில் ஃபோஜேர் என்பவர் புக்பெர்கரின் முறையை ஒற்றை ஒற்றையாகக் கழிப்பதற்குப் பதில் பெரிய அணிகளாக மொத்தமாகக் கழிக்கும்படி 1999-ல் மாற்றி அமைத்தார். அந்த வேகத்தோடு, 80 மாறிகளில் 80 இருபடிச் சமன்பாடுகள் என்று சவாலாக விட்டிருந்த ஒரு பூட்டை 2003-ல் ஜூ என்பவரோடு சேர்ந்து உடைத்தார். 80 மாறி என்றால் மேலே சொன்ன கணக்குப்படி தொடவே கூடாது. ஆனால் அந்தப் பூட்டைச் செய்தவர்கள் உள்ளே ஒளித்து வைத்திருந்த அமைப்பினால் படி ஏறவே இல்லை. 2022-ல் இன்னும் வேடிக்கை. குவாண்டம் கணினி வந்தாலும் தாங்கும் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் போட்டியில் மூன்றாம் சுற்று வரை வந்திருந்த ரெயின்போ என்ற மின்னணுக் கையொப்ப முறையின் ஒரு அளவை, வார்ட் பியூலன்ஸ் என்ற இளைஞர் சாதாரண மடிக்கணினியில் சராசரி 53 மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார். அதுவும் இருபடிச் சமன்பாடுகள்தான். ரோபோ கையின் ஆறு மூட்டுகளை எந்தெந்தக் கோணத்தில் மடக்கினால் விரல் இந்த இடத்துக்கு வரும் (16 விடை வரை வரும்), இரண்டு புகைப்படத்தைப் பார்த்துக் கேமரா எங்கே நின்றது என்று சொல்வது (ஐந்து புள்ளி போதும், 10 விடை வரை வரும்), இப்படி வேலை வருகிற கிளைகள் நிறைய, அதையெல்லாம் நீட்டவில்லை.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த புதிதில் கணிதத் துறையில் "இது புரோகிராமிங், கணிதமில்லை" என்றார்கள், கணினித் துறைக்குப் போனால் "இது கணிதம், எங்களுக்கு எதுக்கு" என்றார்கள். பதவி உயர்வுக் குழுவில் ஒருவர் என் நிரலைக் காட்டச் சொல்லிவிட்டு, பக்க எண்ணிக்கை எங்கே என்று கேட்டார். இப்போது நிலைமை தேவலை, ஆனாலும் ஒரு வருஷம் ஒன்றும் வராமல் போவது சகஜம். ஓட விட்ட கணக்கு முடியாதபோது, இன்னும் பத்து நிமிஷத்தில் முடியுமா பத்து வருஷம் ஆகுமா என்று திரையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அந்த நிச்சயமின்மையோடு ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடிகிறவர்கள்தான் இங்கே தாக்குப்பிடிக்கிறார்கள்.

எங்கே, எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். நம் பக்கத்தில் வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைத்த வழிகாட்டியிடம் கிடைத்த தலைப்பில் சேர்ந்து, காசு கொடுத்தால் போடுகிற இதழ்களில் நாலு கட்டுரை போட்டுப் பட்டம் வாங்குகிற பழக்கம் ஒன்று இருக்கிறதே, அது மட்டும் வேண்டாம். அதற்கு உரக்கடையே மேல். தேசிய அளவுத் தேர்வு எழுதுங்கள், நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி, அப்பாவிடம் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகம், தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் இரண்டுக்கும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். சிறுசேரியில் இருப்பதை 1989-ல் ஆரம்பித்த சேஷாத்ரி இந்தத் துறைக்கு அந்நியர் இல்லை. பல்லுறுப்புக்கோவைகளின் மேல் சேர் என்பவர் 1955-ல் எழுப்பிய ஒரு பெரிய கேள்விக்கு இரண்டு மாறி இருக்கும்போது என்ன விடை என்று 1958-ல் நிரூபித்தவர் அவர்தான், எத்தனை மாறி இருந்தாலும் அதே விடை என்று குவில்லனும் சுஸ்லினும் காட்ட 1976 ஆனது. அவர் நல்ல கர்நாடக சங்கீதப் பாடகரும்கூட, தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம்தான். கோடை விடுமுறையில் நடக்கும் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாமுக்கு, எந்த ஆண்டு மாணவர்களை எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, விண்ணப்பியுங்கள். நான்கு வாரம் மூளையைக் கழற்றி மாட்டுவார்கள்.

படிக்க வேண்டியதில் முதலில் இயற்கணிதத்தில் வளையங்கள், ஐடியல்கள், ஹில்பர்ட்டின் இரண்டு தேற்றங்கள். புக்பெர்கரின் முறை நிச்சயம் நிற்கும் என்பதற்கு ஆதாரம் கடைசியில் ஹில்பர்ட்டிடம்தான் போய் முடியும். காக்ஸ், லிட்டில், ஓ'ஷே மூவரும் எழுதிய அறிமுக நூல் ஒன்று போதும், வேறு எதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒரு பயிற்சிக் கணக்கையும் விடாமல் போடுங்கள். கூடவே பைத்தான். மென்பொருளுக்குக் காசு வேண்டாம்: சிங்குலர், மெக்காலே2, சேஜ், மூன்றும் இலவசம். மெக்காலே2 என்ற பெயர் அந்தப் பள்ளிக்கூட வாத்தியாருடையதுதான். மன்னார்குடியில் மாடியில் உட்கார்ந்துகொண்டு பாரிஸில் இருக்கிறவர் ஓட்டுகிற அதே கணக்கை ஓட்டலாம் என்பது வேறு எந்தச் சோதனை அறிவியலிலும் நடக்காத சௌகரியம்.

சேஜை இறக்கியதும் முதல் கணக்காக இதைப் போடுங்கள். நான்கு வாய்க்கால், தண்ணீர் விட மூன்று முறை (வேளை). எந்த இரண்டு வாய்க்காலை எடுத்தாலும் அவை இரண்டுக்கும் ஒரே முறையில் தண்ணீர் விடக்கூடாது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு மாறி, அதன் முப்படி 1 என்று ஒரு சமன்பாடு. மூன்று முறைக்கு மூன்று கன மூலங்கள், அதில் இரண்டு கலப்பெண்கள், பயப்பட வேண்டாம். பிறகு ஒவ்வொரு ஜோடிக்கும், முதல் மாறியின் வர்க்கம், இரண்டின் பெருக்கல், இரண்டாவதன் வர்க்கம், மூன்றையும் கூட்டினால் பூஜ்யம் என்று ஒரு சமன்பாடு, இரண்டும் வெவ்வேறு மூலம் என்பதை அது சொல்லிவிடும். ஆக மொத்தம் பத்துச் சமன்பாடு. க்ரோப்னர் பேசிஸ் கேளுங்கள். திரையில் வெறும் 1 என்று வரும். நான் முதல் தடவை இதைப் பார்த்தபோது நிரலில் பிழை என்று நினைத்து ஒரு மத்தியானம் முழுக்க என் வரிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதன் அர்த்தம், உங்கள் பத்துச் சமன்பாட்டையும் சரியானபடி பெருக்கிக் கூட்டினால் 1 = 0 என்று வந்துவிடுகிறது, அதாவது இப்படித் தண்ணீர் விட வழியே கிடையாது. பிறகு ஏதாவது ஒரு ஜோடியின் சமன்பாட்டை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், அந்த 1 போய் என்ன வருகிறது என்று பார்த்து, ஏன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.